டபிள்யூ.பி. தகடு நம் ஊருக்கு வந்த கதை



கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும்போது பிரதான வீதியில் ஓடும் வாகனங்களின் இலக்கத் தகடுகளை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கிழக்கு மாகாணத்தின் ஈ.பி. இருக்கும். ஆனால் மேல் மாகாணத்தின் டபிள்யூ.பி.யும் அதோடு சேர்ந்து கணிசமாக ஓடும். வண்டிக்காரர் நிந்தவூர், வண்டி நிற்பது சாய்ந்தமருது, சேவிஸ் செய்வது அட்டாளைச்சேனை; தகடு மட்டும் கொழும்பு.

"கொழும்பு நம்பர் என்றால் ஒரு மதிப்புத்தான்" என்று சிலர் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. பதிவு சற்று நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நம் நாட்டில் வாகனத் தகடு ஒருபோதும் வெறும் தகரத் துண்டாக இருந்ததில்லை. ஆரம்பத்தில் ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, 1957 ஜனவரியில், புதிய தகடுகளில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. தமிழ் ஸ்ரீயை எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டும் போராட்டம் தொடங்கியது.

அந்த ஆண்டு ஜூலையில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானதும் நிலைமை சற்றுத் தணிந்தது. 1958 ஜனவரியில் பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. சிங்கள ஸ்ரீ பொறித்த அதன் பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. அங்கே தகடுகளில் தார் பூசினார்கள். அதற்குப் பதிலாகத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி கொழும்பு ரொஸ்மீட் பிளேஸிலுள்ள பிரதமரின் வீட்டுக்கு முன்னால் பிக்குகள் அமர்ந்தார்கள், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம். இத்தனைக்கும் காரணம் ஓர் எழுத்து மட்டுமே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தீ பரவிய வழியில் வாகனத் தகடும் இருந்தது.

பிறகு எழுத்தே இல்லாமல் இலக்கங்களும் நடுவில் ஒரு கோடும் மட்டும் உள்ள தகடுகள் வந்தன. பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் "ஸ்ரீ நம்பர்", "டேஷ் நம்பர்" என்று சொல்வது இந்தக் காலங்களைத்தான்.

2000ஆம் ஆண்டில் மீண்டும் ஆங்கில எழுத்து வந்தது. இம்முறை தகட்டின் ஓரத்தில் மாகாணத்தைக் குறிக்கும் இரண்டு சிறிய எழுத்துகளும் சேர்ந்தன. ஏன் மாகாணம்? 1987இல் வந்த 13ஆவது திருத்தம், வாகன அனுமதிப்பத்திரக் கட்டணத்தை மாகாண சபையின் வருமானங்களில் ஒன்றாக்கியது. நாம் ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காப்புறுதியையும் கொண்டுபோய் எடுக்கிறோமே வருமான அனுமதிப்பத்திரம், அதுதான். வாகனத்தைப் பதிவு செய்வது மத்திய அரசின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். வருடக் கட்டணம் எடுப்பது மாகாணம். எந்த மாகாணம் என்பது பதிவுப் புத்தகத்தில் உள்ள முகவரியைப் பொறுத்தது.

அந்த இரண்டு எழுத்துகளும் காட்டியது இந்த முகவரியைத்தான். வண்டி எங்கே ஓடுகிறது என்பதை அல்ல, அதன் கடதாசி எங்கே இருக்கிறது என்பதை.

அப்படியானால் நம் ஊர் வண்டியின் கடதாசி ஏன் கொழும்பில் இருந்தது?

முதற் காரணம் சந்தை. வாகனம் இறங்குவது கொழும்பிலோ அம்பாந்தோட்டையிலோ உள்ள துறைமுகத்தில். பெரிய விற்பனையாளர்களும் லீசிங் கம்பனிகளின் தலைமையகங்களும் மேல் மாகாணத்தில். ஆகவே பெரும்பாலான வண்டிகளின் முதல் உரிமையாளர் அங்கே உள்ளவராகவே இருப்பார். நமக்கு அது இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோதான் வந்து சேரும்.

இரண்டாவது அலைச்சல். மாகாணம் மாறி உரிமை மாற்றினால் பழைய தகட்டை ஒப்படைத்துவிட்டு, புதிய மாகாண எழுத்துடன் வேறு தகடு எடுக்க வேண்டியிருந்தது. நம் பகுதியிலிருந்து நாரஹேன்பிட்டிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். பயணச் செலவு, ஒரு நாள் சம்பளம், வரிசை. லீசிங் முடியாவிட்டால் கம்பனியின் சம்மதமும் வேண்டும். "வண்டி ஓடுதுதானே, பிறகு பார்க்கலாம்" என்று விட்டவர்கள் ஏராளம். விற்றவர் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவம் அப்படியே கை மாறி மாறிப் போகும். இதைத்தான் ஓபன் பேப்பர் என்கிறோம்.

மூன்றாவது பயம். யுத்த காலத்தில் வடக்கு, கிழக்குத் தகட்டோடு கொழும்புக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்க்கும் முன்பே கண் தகட்டுக்குத்தான் போகும் என்பார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், ஏன் வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேள்விகள் நீளும். டபிள்யூ.பி. தகடு அந்தக் கேள்விகளில் ஒன்றிரண்டைக் குறைக்கும் என்று நம்பியவர்கள் அதை மாற்ற ஏன் அவசரப்படப் போகிறார்கள்?

வேறு நாடுகளிலும் வெளி மாநிலத் தகட்டோடு வண்டி ஓட்டுகிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் காரணம் வரி. இந்தியாவில் வாகன வரியை மாநிலங்கள் விதிக்கின்றன. கேரளாவில் ஆடம்பரக் கார்களுக்கு வரி அதிகம், புதுச்சேரியில் குறைவு. கேரளாவில் ஓடும் விலையுயர்ந்த கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவாகியிருந்தது 2017இல் பெரிய சர்ச்சையானது. தமிழ்நாட்டில் ஓடிய ஆம்னி பஸ்கள் பல நாகாலாந்துப் பதிவில் இருந்தன. 2024இல் அம்மாநில அரசு வெளி மாநிலப் பதிவு ஆம்னி பஸ்களுக்குத் தடை போட்டது. ஒரு வாகனம் 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது இந்தியச் சட்டம். வேலை மாற்றத்தால் மாநிலம் மாறுவோரின் சிரமத்தைக் குறைக்க 2021இல் நாடு முழுவதற்குமான பி.எச். பதிவு அறிமுகமானது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் விற்பனை வரி இல்லை. அதற்காகவே அங்கே பெயரளவில் ஒரு கம்பனியை ஆரம்பித்து, அதன் பெயரில் காரைப் பதிவு செய்கிறார்கள் வேறு மாநிலத்துப் பணக்காரர்கள்.

நம் நாட்டில் அந்த இலாபம் இல்லை. பெரிய வரியைச் சுங்கம் துறைமுகத்திலேயே எடுத்துவிடும். கொழும்பில் பதிந்தாலும் கல்முனையில் பதிந்தாலும் அது ஒன்றுதான். அங்கே பணக்காரர் வரியை மிச்சம் பிடிக்க மாநிலம் தாண்டினார். இங்கே சாதாரண மனிதர் அலைச்சலையும் சந்தேகப் பார்வையையும் தவிர்க்கப் பழைய முகவரியிலேயே வண்டியை விட்டுவைத்தார்.

இதில் நமக்கு ஒரு நட்டமும் உண்டு. முகவரி மேல் மாகாணம் என்றால் வருடக் கட்டணமும் மேல் மாகாணத்துக்கே. வண்டி தேய்ப்பது நம் வீதியை. மாகாண வீதிகளைப் பராமரிக்க வேண்டியது மாகாண நிர்வாகம். ஒரு வண்டியின் கட்டணம் சிறு தொகைதான். இப்படி எத்தனை வண்டிகள், எத்தனை வருடங்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறி ஓடின. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. எந்த நாளில் பெற்றோல் என்பதைத் தகட்டின் கடைசி இலக்கம் தீர்மானித்தது. பிறகு கியூ.ஆர். வந்து அடையாள அட்டை இலக்கமும் சாஸி இலக்கமும் கேட்டது. வண்டியின் கடதாசியைப் பலர் ஒழுங்காக எடுத்துப் பார்த்ததே அன்றுதான்.

2023 ஜனவரி 1 முதல் புதிய தகடுகளில் மாகாண எழுத்து இல்லை. மாகாணம் மாறி விற்றாலும் தகட்டை மாற்றத் தேவையில்லை. இனி எழுத்தைப் பார்த்து ஊரை ஊகிக்கும் வேலையும் மெல்லக் குறைந்துவிடும். நல்ல மாற்றம். பழைய தகடுகள் இன்னும் பல வருடம் ஓடும், அந்த எழுத்துகளைப் பார்த்து நம் பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு இந்த வரலாறு தெரிந்திருக்கட்டும்.

ஆனால் தகட்டில் எழுத்து போனதால் புத்தகத்தில் பெயர் தானாக மாறிவிடாது. ஓபன் பேப்பரில் ஓடும் வண்டி நாளை ஒரு விபத்தில் சிக்கினால், அல்லது யாரோ அதை ஒரு குற்றத்துக்குப் பயன்படுத்தினால், பொலிஸ் முதலில் தேடிப் போவது புத்தகத்தில் பெயருள்ளவரை. அவர் எங்கோ பாணந்துறையில் இருக்கும் ஒரு முன்னாள் உரிமையாளராக இருக்கலாம். நம் ஊரில் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு மறந்துபோன ஒரு வாப்பாவாகவும் இருக்கலாம்.

முன்பு பெயர் மாற்றாமல் இருந்ததற்குச் சொன்ன காரணங்களில் பாதி இப்போது இல்லை. தகடு மாற்ற வேண்டாம், சாவடியும் இல்லை. மிச்சம் இருப்பது அலைச்சல் மட்டும். இன்றைக்கே வீட்டில் வாகனப் புத்தகத்தை எடுத்து யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். விற்ற வண்டியானால் வாங்கியவருக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.