ஒரு வரி விட்டுப்போனால் இங்கிலீஷ்

ஒரு சி புரோகிராம் "ஃபைல் கிடைக்கவில்லை"ன்னு தமிழ்ல சொல்லணும்னா, அந்த வாக்கியம் எங்கே இருக்கணும்? கோடுக்கு வெளியே, தனி ஃபைலில். அதுதான் மெசேஜ் கேட்டலாக். இன்னிக்கு அதோட கதை.

1980களில் யூனிக்ஸ் கம்பெனிகள் சேர்ந்த எக்ஸ்/ஓப்பன் அமைப்பு, கேட்கெட்ஸ் என்ற முறையைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு நம்பர். இரண்டாவது செட்டில் பதினேழாவது மெசேஜ் என்ன? கோடைப் படிக்கிறவருக்கு அது சட்டுனு புரியாது. நம்பர் மாறிப்போனால், சம்பந்தமே இல்லாத வாக்கியம் திரையில் வரும்.

1990களின் தொடக்கத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வேற வழி பிடிச்சது: கெட்டெக்ஸ்ட். நம்பரே வேண்டாம், இங்கிலீஷ் வாக்கியமே சாவி. 1995இல் உல்ரிச் ட்ரெப்பர் எழுதிய க்னூ கெட்டெக்ஸ்ட் வந்தது. லினக்ஸ் உலகம் அதைத்தான் எடுத்துக்கிட்டது.

இதில் டெக்ஸ்ட்டொமைன் என்று ஒரு ஃபங்ஷன். "இனிமே என் வாக்கியங்களை இந்தப் பேர் உள்ள கேட்டலாக்கில் தேடு" என்று புரோகிராம் ஆரம்பத்திலேயே சொல்லிடும். சொல்லாம விட்டால், சிஸ்டம் "மெசேஜஸ்" என்ற பொதுப் பேரில் தேடும். பெரும்பாலும் அப்படி ஒரு ஃபைலே இருக்காது. ஆனா எர்ரர் வராது. இங்கிலீஷ் வாக்கியம் அப்படியே வந்து நிற்கும். செட்லொக்கேலைக் கூப்பிட மறந்தாலும் இதே கதைதான்.

இன்னொரு சிக்கல்: இந்த டீஃபால்ட், புரோகிராம் முழுக்க ஒண்ணே ஒண்ணு. ஒரு லைப்ரரி அதை மாத்தினால் மெயின் புரோகிராமோட மொழிபெயர்ப்பு காணாமப் போயிடும். அதனால லைப்ரரிகள் டிகெட்டெக்ஸ்ட் மூலம் தன் கேட்டலாக் பேரை ஒவ்வொரு முறையும் சொல்லும்.

எனக்கு உறுத்துற இடம் இதுதான். இங்கிலீஷ் வாக்கியம்தான் சாவி என்பதால், அதில் ஒரு கமா மாறினாலும் பழைய தமிழ் வரி பொருந்தாது. டூல் அதை "ஃபஸ்ஸி"ன்னு குறிச்சு வைக்கும். யாராவது பார்த்து சரிசெய்யும் வரைக்கும் பயனருக்கு இங்கிலீஷ்தான். எழுதினவருக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா அவர் திரையில் எல்லாம் சரியாத்தான் இருக்கும். தெரியறது தன் மொழியில் படிக்க நினைச்சவருக்கு மட்டும்.

2024இல் வெளியான போசிக்ஸ் தரத்தில் கெட்டெக்ஸ்ட் அதிகாரபூர்வமாச் சேர்ந்தாச்சு. சன் ஆரம்பிச்சு ஏறக்குறைய முப்பது வருஷம் கழிச்சு!

நீங்க சி-யில் எழுதுறவங்களா இருந்தா, உங்க புரோகிராமை ஒரு தடவை தமிழ் லொக்கேலில் ஓட்டிப் பாருங்க. எத்தனை வரி இங்கிலீஷில் வருதுன்னு எண்ணிட்டு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!