குடிநோய் மீட்பில் அன்றாடப் பழக்கங்கள்

குடியை நிறுத்தியவர் தம் உணவு, உறக்கம், மாலைப் பொழுது ஆகியவற்றை மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவருவது குடிநோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதி. உடலிலிருந்து மது நீங்கச் சில நாட்கள் போதும். இந்த ஒழுங்கு அமைய மாதக் கணக்காகும்.

தினமும் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில் கழிய வேண்டும்.

நெடுநாள் குடித்தவர்களிடம் வைட்டமின் பி1 குறைபாடு அதிகம். முற்றினால் நடை தள்ளாடும், நினைவு மங்கும். குறைபாட்டுக்கு மருந்துண்டு. ஆனால் வேளைக்குச் சாப்பிடும் பழக்கத்தை அவரேதான் திரும்பப் பெற வேண்டும். வெறும் வயிற்றின் பசியைக் குடிவேட்கை என்று மனம் எளிதில் தவறாக எடுத்துக்கொள்ளும்.

உறக்கம் இன்னும் கடினம். மது விரைவில் தூங்கவைத்து, பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். நிறுத்திய பிறகும் பல வாரங்கள் தூக்கம் சரிப்படாது. "தூங்கத்தானே ஒரு கட்டிங்" என்ற எண்ணம் பலரை வீழ்த்துவது இந்தக் காலத்தில்தான். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவதும், மாலைக்குப் பின் காபி, டீயைத் தவிர்ப்பதும் மெல்லப் பலன் தரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மாலை. குடியே ஒரு தினசரி ஒழுங்குதான்: அதற்கு ஒரு நேரம், ஒரு வழி, ஒரு கூட்டாளி, சட்டைப்பையில் பணம். தமிழ்நாட்டில் வேலை முடிந்து வீடு திரும்பும் பாதையிலேயே டாஸ்மாக் என்னும் அரசு மதுக்கடை திறந்திருக்கும். ஆகவே வேறு தெரு வழியாக வருவது, சம்பளத்தை அன்றே வீட்டில் கொடுத்துவிடுவது, பழைய நேரத்தில் வேறோர் இடத்தில் இருப்பது ஆகியவை சிறிய செயல்களல்ல. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தன்னுதவிக் குழு, அந்த நேரத்துக்கு ஒரு கூட்டத்தையும் துணையையும் தருகிறது. "இன்று ஒரு நாள் மட்டும்" என்பது அங்கே பழகும் கணக்கு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தினரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்கிறது.

குடிவேட்கை அலைபோல் எழுந்து வடியும் என்றார் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். வடியும்வரை நடக்கலாம், யாரையாவது அழைத்துப் பேசலாம்.

ஒரு பழக்கம் ஊன்ற எத்தனை நாள்? 2010இல் வெளியான லண்டன் ஆய்வொன்று 18 முதல் 254 நாட்கள் வரை எனக் கண்டது. நடு மதிப்பு 66. ஒருநாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை. ஆய்வில் பங்கேற்றவர்கள் குடிநோயாளிகள் அல்லர். எனினும் நடைப்பயிற்சி ஒருநாள் விட்டுப்போனதற்கு மனம் உடைய வேண்டாம் என்ற அளவுக்கு அது ஆறுதல். மதுவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனாலும் ஒரு குவார்ட்டர் குடித்தவர் "எல்லாம் போயிற்று" என்று நினைப்பதுதான் முழுச் சறுக்கலுக்கு வழி என்று மார்லட் எச்சரித்தார். சறுக்கியவர் அதை மறைக்காமல் மருத்துவரிடமோ குழுத் துணைவரிடமோ அன்றே சொல்லிவிட வேண்டும்; வீட்டாரும் அதைக் கேட்டுச் சண்டைக்குப் போகாமல் மறுநாள் காலை மருத்துவமனைக்கு உடன் செல்ல வேண்டும்.