முகத்துக்கு மருந்து, முட்டிக்கு வலி!

தஞ்சாவூர் சரஸ்வதி மகால் என்றதும் ஓலைச்சுவடிதான் நம் நினைவுக்கு வரும். அங்கே இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி: 1798 - 1832) காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்பேடுகள்! என்ன கோளாறு, என்ன சிகிச்சை, பிறகு கண் எப்படி ஆனது... எல்லாவற்றையும் எழுதி, கண்ணைப் படமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்கள். மன்னரே கத்தி பிடித்தார் என்றுகூடச் சொல்வதுண்டு. அதை விடுங்கள். 'மருந்து கொடுத்தாச்சு, போய்ட்டு வா' என்று அனுப்பிவிடாமல், அப்புறம் என்ன ஆச்சு என்று பார்த்தார்களே, எனக்கு அதுதான் பெரிசு.

ஏன் சொல்கிறேன் என்றால்... அதே தஞ்சாவூரில் இன்று ஒரு காலேஜ் பெண் மாதக்கணக்கில் பரு மாத்திரை சாப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் பளிச்! ஆனால் காலையில் விரல் மடங்கவில்லை, முட்டி வலிக்கிறது. பாட்டி 'வாயு' என்பார், தைலம் தேய்ப்பார். பரு மாத்திரை மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

1597-ல் வடதுருவப் பக்கம் பனியில் சிக்கிய டச்சு மாலுமிகள் பசிக்குப் பனிக்கரடியின் ஈரலைத் தின்றார்கள். மூன்று பேருக்கு உயிர் பிழைத்ததே பெரும்பாடு. தலை முதல் கால் வரை தோல் உரிந்தது! ஈரலில் மண்டிக் கிடந்த வைட்டமின் ஏ-தான் காரணம் என்று கண்டுபிடிக்க, கிட்டத்தட்ட மூன்றரை நூற்றாண்டு ஆனது.

இந்த வைட்டமினின் நெருங்கிய உறவுக்காரர்தான் ஐசோட்ரெடினாயின். கடுமையான பருவுக்கென்று 1982-ல் அமெரிக்கா அனுமதித்தது. எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கிவிடும், கெட்டிக்காரன். கூடவே தசைவலி, மூட்டுவலியும் சிலருக்கு வரும். அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் போய்விடும். கர்ப்பிணிகள் மட்டும் தொடவே கூடாது, சிசுவுக்கு ஊனம் ஏற்படலாம்.

மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இன்னும் பூடகமான ஆள். நீண்ட காலம் சாப்பிடும்போது, அபூர்வமாக, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்புக்கு எதிராகத் திரும்பி மூட்டுகள் வீங்கும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்துக்கூட வரும். அதனால்தான் 'ருமாட்டிசம்' என்று ஏமாந்துபோகிறார்கள். இதுவும் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆகவே, மூட்டுவலிக்கு டாக்டரிடம் போகும்போது பரு மாத்திரையின் அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய இந்திய அரசு 2010-ல் ஒரு திட்டமே தொடங்கியது. டாக்டர்தான் என்றில்லை, நீங்களே சொல்லலாம். கட்டணமில்லா எண்: 1800-180-3024.