ஐவர்மலைக் காணமும் அடையாற்று மருத்துவமனையும்

பழனி வட்டத்து அய்யம்பாளையத்தை அடுத்த ஐவர்மலையைப் பாண்டவரோடு சார்த்திக் கதை சொல்வோர் பலர். நமக்கோ அது திருவயிரை. தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசையாக அமைந்துள்ள அவ்விடத்தில், சக ஆண்டு 792இல், அஃதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. அவ்வேந்தன் அரியணை ஏறிய ஆண்டை 862 என அறிஞர் துணிந்தது இதைக் கொண்டே. அதற்காகவே வரலாறு பயில்வோர் இதனைப் போற்றுவர். யான் காட்ட விரும்புவது வேறொன்று.

குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், பார்சுவ நாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, திருவமுதுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்பது கல்வெட்டின் செய்தி. ஆசிரியர் பெயர் உண்டு. மாணாக்கர் பெயரும் உண்டு. உணவு பெறும் அடிகளின் பெயர் மட்டும் இல்லை. கல்தச்சன் மறந்துவிட்டான் என்று யான் கருதவில்லை. இன்று ஒருவர் இருப்பார், நாளை வேறொருவர் வருவார். எவர் இருப்பினும் சோறு உண்டு. ஆளுக்கு அன்று, இடத்துக்கே அக்கொடை.

நால்வகைத் தானங்களுள் ஒன்றாகிய ஔடத தானத்துக்கென எழுந்த அறநிலையங்கள் பல இந்நுட்பத்தைத் தவறவிட்டன. யான் பணியாற்றிய சிற்றூர் ஒன்றில், பெரியவர் ஒருவர் இலவச மருந்தகம் நடத்தினார். கணக்கு அவர் நெஞ்சில் இருந்தது. திறவுகோல் அவர் இடுப்பில் இருந்தது. அவர் மறைந்த ஓராண்டுக்குள் மருந்தகம் பூட்டப்பட்டது. நோயாளிகள் குறையவில்லை, பணமும் இருந்தது.

சென்னை அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையின் வரலாறு இதற்கு மாறானது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அத்துயரை நெஞ்சில் சுமந்த அம்மையார் நெடுநாள் முயன்றார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 சூன் 18இல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பெற்றது. புற்றுநோய் வந்தால் சாவு உறுதி என்று படித்தவரே நம்பிய காலம் அது. அந்நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டவரும் இருந்தனர்.

மருத்துவப் பொறுப்பை அம்மையாரின் மைந்தர் கிருஷ்ணமூர்த்தி ஏற்றார். தாய்க்குப் பின் மகன் என்பது நம் நாட்டு வழக்கந்தானே என்று தோன்றும். ஆயின் அடுத்த படியைக் காண்க. சாந்தா அக்குடும்பத்தவர் அல்லர். தேர்வாணையத்தின் வழியாக எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் கிடைத்த அரசுப் பதவியை விடுத்து, 1955இல் அடையாறு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் அரசுப் பதவியை உதறுவது எத்தகைய செயல் என்பதை அறுபதைக் கடந்த வாசகர் அறிவர். 1980இல் அவர் இயக்குநரானார். 1997 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

தலைமை மாறியது 1980இல் என்று ஏடுகள் குறிக்கும். யான் அதனை 1955இல் தொடங்கியதாகவே கொள்வேன். 25 ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் நோயாளிகளைக் கண்டவர் தலைமை ஏற்றபோது கற்றுக்கொள்ளப் புதிதாக என்ன இருந்திருக்கும்? கிருஷ்ணமூர்த்தி மறைந்தது 2010இல். ஆகவே, முன்னவர் வாழ்நாளிலேயே பின்னவர் பொறுப்பேற்றார் என்பது இங்குக் குறிக்கத்தக்கது. இறப்பு வந்து பறிக்கும்வரை திறவுகோலைப் பற்றியிருக்க வேண்டுவதில்லை. மகசேசே விருதும் பத்ம விபூசணும் சாந்தாவை நாடி வந்தன. 2021 சனவரி 19இல், 93ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

உறவினரிடம் ஒப்படைப்பது தீது என்று யான் கூறவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய வேங்கடசாமி 2006இல் மறைந்தபின், தலைமை ஏற்ற நம்பெருமாள்சாமி அவர்தம் தங்கை கணவர். ஆனால் அவரும் தொடக்கம் முதலே உடனுழைத்தவர். உறவு வாயிலைத் திறந்திருக்கலாம். இருக்கையைத் தந்தது முப்பதாண்டு உழைப்பு.

ஐவர்மலைக்குச் செல்லும் நம் இளைஞர் திருவுருவங்களைப் படம் பிடிப்பதோடு திரும்பிவிடுகின்றனர். அடுத்த முறை அக்கல்வெட்டின் முன்னும் சிறிது நிற்கட்டும். குணவீரரின் பெயரையும் சாந்திவீரரின் பெயரையும் படித்துவிட்டு, சோறு உண்ட அந்த அடிகளின் பெயரைத் தேடிப் பார்க்கட்டும்.