ஸுஃப்பா முதல் சோபா வரை

'ஆயத்துல் குர்ஸீ' ஓதப்படாத முஸ்லிம் இல்லம் அரிது. நாவுக்குப் பழகிய அச்சொல்லின் பொருளை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்? 'குர்ஸீ' என்பதற்கு ஆசனம் என்பது அரபு வழக்கு. திருமறை விரிவுரையாளர்கள் இவ்விடத்தில் வேறு கருத்துகளையும் பதிவு செய்துள்ளனர். இறைவனின் ஞானமே இங்குக் குர்ஸீ எனப்பட்டது என்பது ஒன்று. பாதங்கள் வைக்கப்படும் இடம் என்பது மற்றொன்று. இரண்டுமே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக அறிவிக்கப்பட்டுள்ளன. ஒப்பற்ற நாயனைப் படைப்புகளோடு ஒப்பிடலாகாது என்ற எச்சரிக்கையோடு, இதன் உண்மைப் பொருளை அவனிடமே ஒப்படைப்பது நம் முன்னோர் பலரின் வழி. ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது சொல்லின் வரலாற்றை மட்டுமே. ஆசனமும் கால்மணையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன என்பது அதனால் விளங்குகிறது.

பழைய நாற்காலி, கால்மணை, திவான், சோபா ஆகியவற்றைத் தேடி வாங்கி இல்லத்தை அணி செய்யும் ஆசை இன்று நம் குடும்பங்களிலும் பரவி வருகிறது. சொந்தப் பாட்டனார் சாய்ந்திருந்த நாற்காலியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, யாரோ ஒருவருடைய பாட்டனாரின் நாற்காலியைப் பன்மடங்கு பணம் கொடுத்து வாங்கும் வேடிக்கையும் நடைபெறுகிறது. பழமையை விரும்புதல் குற்றமன்று. ஆயினும், அந்த இருக்கைகளின் வரலாற்றை அறிந்தபின் விரும்பினால், எதை வாங்குவது, எதை விடுவது என்பதும் தானே தெளிவாகும்.

'சோபா' என்ற சொல்லை ஆங்கிலச் சொல் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது 'ஸுஃப்பா' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது என்பது மொழியறிஞர் முடிபு. ஸுஃப்பா என்றதும் நம் நெஞ்சில் எழ வேண்டிய காட்சி எது? மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டி, பேரீச்ச ஓலை வேய்ந்த ஒரு நிழலிடம். வீடும் உறவும் பொருளும் அற்ற ஏழைத் தோழர்கள் தங்கிய இடம் அது. திண்ணைத் தோழர்கள் என்று நாம் போற்றும் 'அஹ்லுஸ் ஸுஃப்பா' அவர்களே. ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் பசியோடு இருந்த ஒரு நாளில், பெருமானாரின் இல்லத்திற்கு ஒரு கிண்ணம் பால் அன்பளிப்பாக வந்தது. முதலில் திண்ணைத் தோழர்கள் அனைவரும் அழைக்கப்பட்டு அமர்த்தப்பட்டனர். அவர்கள் வயிறார அருந்திய பின்னர் அபூஹுரைரா (ரலி) அருந்தினார்கள். எல்லாருக்கும் இறுதியாகவே பெருமானார் (ஸல்) அருந்தினார்கள். இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்த இந்நிகழ்ச்சியே சோபாவின் மூலப்பெயரோடு பிணைந்த வரலாறாகும்.

அண்ணலார் நாற்காலியில் அமர்ந்ததுண்டா எனச் சிலர் வினவுவர். உண்டு. அபூரிஃபாஆ (ரலி) என்ற தோழர், பெருமானார் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்த வேளையில் வந்து, தாம் மார்க்கம் அறியாத அந்நியர் எனக் கூறிக் கேள்வி கேட்டார். சொற்பொழிவை நிறுத்திவிட்டு அவரருகே வந்த அண்ணலாருக்கு ஒரு நாற்காலி கொணரப்பட்டது. அதன் கால்கள் இரும்பாலானவை என்று தாம் எண்ணியதாக அத்தோழர் கூறுகிறார். அதில் அமர்ந்து அவருக்குக் கற்பித்து முடித்த பின்னரே பெருமானார் தம் உரையைத் தொடர்ந்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. ஆகவே நாற்காலியும் நமக்கு அந்நியப் பொருளன்று. அதே வேளையில், வெறும் பாயில் படுத்து விலாவில் தழும்பு பதிந்த அண்ணலாரைக் கண்டு, கிஸ்ராவும் கைஸரும் வாழும் வாழ்வை நினைத்து ஹஜ்ரத் உமர் (ரலி) கண்ணீர் விட்டதையும் நாம் மறத்தலாகாது.

'திவான்' என்ற சொல்லின் பயணம் வேறுவகை. பாரசீகத்திலிருந்து அரபுக்கு வந்த இச்சொல், பதிவேட்டைக் குறித்தது. கலீபா உமர் (ரலி) அவர்கள் மக்களுக்கு உதவித்தொகை வழங்கப் பெயர்களைப் பதிவு செய்த ஏடு திவான் எனப்பட்டது. பின்னர் ஏடு இருந்த அலுவலகமும், அதன்பின் அமைச்சர் கூடிய மன்றமும், இறுதியில் அம்மன்றத்தின் சுவரோரம் மெத்தையிட்ட நீண்ட இருக்கையும் அப்பெயரைப் பெற்றன. இஸ்தான்பூலின் தோப்காபி அரண்மனையில் அமைச்சர்கள் அத்தகைய இருக்கைகளில் அமர்ந்து வழக்குகளைக் கேட்டனர். மேலேயிருந்த பலகணியின் மறைவிலிருந்து சுல்தான் அதைக் கவனிக்க முடியும்.

உஸ்மானியர் இல்லங்களில் சுவரை ஒட்டித் தாழ்ந்த மேடையமைத்து மெத்தையும் திண்டும் இடுவது வழக்கம். அங்கே பலர் அருகருகே அமரலாம். 1717ஆம் ஆண்டில் ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகு இவ்விருக்கைகளைக் கண்டு வியந்து எழுதினார்; அக்கடிதங்கள் 1763இல் நூலாக வெளிவந்தன. முதுகுச் சாய்வில்லாத மெத்தை இருக்கைக்குப் பிரெஞ்சுக்காரர் உஸ்மானியர் பெயரையே சூட்டினர். அதுவே ஆங்கிலத்தில் 'ஆட்டோமன்' ஆயிற்று. 1789இல் அமெரிக்கத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் அத்தகைய இருக்கை ஒன்றுக்குப் பணம் கொடுத்ததைத் தம் கணக்கேட்டில் குறித்துள்ளார். காலப்போக்கில் அது சுருங்கி, நாற்காலியின் முன்னிட்டுக் கால்வைக்கும் மெத்தை மணையையும் குறிக்கலாயிற்று. ஒரு பேரரசின் பெயர் கால்மணைக்குப் பெயராயிற்று!

இதைவிட வருந்தத்தக்கது பின்னர் நடந்தது. 1843 முதல் 1856 வரை சுல்தான் அப்துல் மஜீத் கட்டிய தோல்மாபாச்சே அரண்மனை, ஐரோப்பிய பாணி நாற்காலிகளாலும் பொன்முலாமிட்ட சோபாக்களாலும் நிரப்பப்பட்டது. அதே காலத்தில், 1854இல், பேரரசு முதன்முறையாக வெளிநாட்டுக் கடன் பெற்றது. போர்ச் செலவும் ஆடம்பரமும் கடன்மேல் கடனாகப் பெருக, 1875இல் வட்டியைக்கூட முழுமையாகக் கட்டவியலாத நிலை வந்தது. நாம் கொடுத்த இருக்கையையே பட்டும் பொன்னும் போர்த்திக் கடனுக்கு வாங்கிய கதை இது. தவணைக்குச் சோபா வாங்கும் குடும்பத்தலைவர்கள் இதை ஒருமுறை சிந்திக்க வேண்டும்.

கடல்கடந்து பர்மாவிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வாணிகம் செய்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பழைய வீடுகளில் தேக்கு நாற்காலிகளும் பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலிகளும் இன்றும் எஞ்சியுள்ளன. முதலில் அவற்றைப் பாருங்கள். பிரம்பு அறுந்திருந்தால் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம்; சட்டம் உறுதியாக இருப்பதே முக்கியம். வெளியில் வாங்க நேர்ந்தால், மேற்பூச்சின் பளபளப்பில் மயங்காமல் இருக்கையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கையால் இழைத்த மரத்தில் உளியின் தடம் சீரற்றிருக்கும். கால்கள் பொருத்துவாயில் சொருகி மரஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். கூட்டல்குறித் தலையுள்ள திருகாணி 1930களில்தான் பரவத் தொடங்கியது. பழுது பார்த்த அடையாளமின்றி அத்தகைய ஆணியுடன் வரும் நாற்காலியை நூற்றைம்பது ஆண்டுப் பழையது என்பாரானால் நம்ப வேண்டா. துளைகளிலிருந்து புதுமாவு கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். கால்மணை நாற்காலியின் இருக்கையைவிட உயரமாக இருந்தால் முதியோர் முழங்காலுக்குச் சுமையாகும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தே வாங்க வேண்டும்.

மார்க்க வரம்புகளும் உள. பன்றித்தோல் பதனிட்டாலும் தூய்மையாகாது. ஆதலின் பழைய தோலுறை எதனாலானது எனக் கேட்டறிய வேண்டும். பட்டு விரிப்பில் ஆண்கள் அமர்வதை ஷாபிஈ மத்ஹபு தடுக்கிறது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அதனை அனுமதித்தார்கள். தந்தம் பதித்த பொருள் வேண்டா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடுக்கின்றன. விற்பவர் குறையை மறைத்தலாகாது. மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலைக் கண்ட பெருமானார் (ஸல்), ஈரத்தை மேலே தெரியுமாறு வைத்திருக்கலாகாதா எனக் கேட்டு, ஏமாற்றுபவன் தம்மைச் சார்ந்தவனல்லன் எனக் கண்டித்தார்கள். புதிய மரத்துக்குக் கறையேற்றிப் பழையதென விற்பவருக்கும் அக்கண்டனம் பொருந்தும். வாங்குவதற்கு முன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பித்தரும் உரிமையை 'கியாருல் ஐப்' என்று பிக்ஹு நூல்கள் வகுத்துள்ளன. தெரியாமல் நட்டப்பட்டோர் அவ்வுரிமையைக் கேட்டுப் பெறக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இவையனைத்திலும் மேலான சோதனை ஒன்றுண்டு. ஒருவரை எழுப்பிவிட்டு அவரிடத்தில் அமராதீர்கள், நெருங்கி இடமளியுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. சபைகளில் இடம்விட்டு அமருமாறு திருமறையின் 58ஆம் அத்தியாயமும் கட்டளையிடுகிறது. அழுக்காகிவிடும் என அஞ்சி உறைபோட்டு மூடிய சோபாவும், ஏழை உறவினர் வந்தால் ஓரமாய் நிற்கவைக்கும் கூடமும் அக்கட்டளைக்கு எட்டாத் தொலைவில் உள்ளன. சந்தா கேட்டு வரும் மதரஸா மாணவனையும், கூலி பெற வந்த தச்சனையும், 'அமருங்கள்' என்று சொல்லத் தயங்காத இருக்கை எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள். அது தேக்காயினும் சரி, பத்தமடைப் பாயாயினும் சரி, ஸுஃப்பாவின் வழிவந்ததாகும்.

வல்ல நாயன் நம் இல்லங்களை விருந்தினருக்கு இடமுள்ள இல்லங்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.