குன்னூர் அறிந்த காய்ச்சல்

வெள்ளகோவிலின் விசைத்தறிக் கூடங்களில் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுப்பவருக்கு ஃப்ளூ காய்ச்சல் என்பது நான்கைந்து நாள் கூலி இழப்பு. அதற்கான ஆண்டுத் தடுப்பூசியைக் கேட்டு அவர் அரசு சுகாதார நிலையத்திற்குச் சென்றால், குழந்தைகளுக்கு இடும் பிற ஊசிகளைப் போல அது உரிமையாகக் கிடைக்காது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூவிற்கு இடமில்லை. இத்தனைக்கும் இந்நோயை நாட்டிற்காகக் கண்காணித்த கூடம் இவ்வூருக்கு மேற்கே, நீலகிரி மலைமேல்தான் இருந்தது.

குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் வெறிநாய்க்கடி மருத்துவத்திற்காகத் தொடங்கப்பெற்றது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடை அதற்கு உதவியது. 1918இல் உலகைச் சூறையாடிய ஃப்ளூ இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அன்று அது எக்கிருமியால் வருகிறது என்பதே எவருக்கும் தெரியாது. மனிதனைத் தாக்கும் ஃப்ளூ வைரஸ் பிடிபட்டது 1933இல், இலண்டனில். அதன்பின் உலக அளவில் கண்காணிப்பு மையங்கள் அமைந்தபோது, இந்தியாவிற்கான மையம் குன்னூரில் இடம்பெற்றது.

அதற்குச் சோதனை விரைவிலேயே வந்தது. 1957 மே மாதம், சிங்கப்பூரிலிருந்து சென்னை நோக்கி வந்த கப்பலில் பயணிகள் பலர் காய்ச்சலில் கிடந்தனர். 'ஆசியக் காய்ச்சல்' என்று பின்னர் பெயர்பெற்ற அந்நோய் துறைமுகத்தில் நிற்கவில்லை. அடுத்த பிப்ரவரிக்குள் நாடெங்கும் பதிவானோர் 44 லட்சத்திற்கும் மேல்; பதிவான இறப்புகள் 1098. பதிவானவை என்பதை நாம் அழுத்திச் சொல்லவேண்டும். அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் விஷக்காய்ச்சல் என்று சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்தவர்களை எந்த ஏட்டில் தேடுவது?

அம்மைக்கு ஒருமுறை குத்தியது பல்லாண்டு காத்தது. ஃப்ளூ வைரஸோ ஆண்டுதோறும் மேற்சட்டையை மாற்றிக்கொள்கிறது. ஆகவே உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை ஊசியின் சேர்க்கையை அறிவிக்கிறது: பிப்ரவரியில் வடகோளத்திற்கு, செப்டம்பரில் தென்கோளத்திற்கு. நிலவரைபடத்தில் நாம் வடகோளத்தார். நோய் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. ஸ்ரீநகரில் குளிர்காலத்திலும், தில்லியில் தென்மேற்குப் பருவமழையோடும் உச்சம் காணும் ஃப்ளூ, சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில் உயர்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

வெள்ளகோவிலும் பெரிதும் நம்பியிருப்பது அந்த வடகிழக்கு மழையைத்தான். ஊசி பலன் தர இரண்டு வாரமாகும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசித் தொடக்கத்திலேனும் மருந்து சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். மூச்சிரைப்புள்ள தறிக்காரரையும் முதியவரையும் முதலில் அழைத்துப் போடவேண்டும்.