தாதியின் கையுறை

மருத்துவமனை என்றவுடன் நம் எண்ணம் நோயாளியிடம் செல்கிறது. பின்னர் மருத்துவரிடம் செல்கிறது. இரவும் பகலும் நோயின் அருகிலேயே நின்று தொழில் புரியும் தாதியரின் உடல் நலத்தைக் குறித்து நாம் சிந்திப்பது அரிது. ஆயினும், ஒரு தாதியின் கைகளில் தோன்றிய புண்ணே அறுவைச் சிகிச்சையின் வரலாற்றில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது.

1867-ஆம் ஆண்டில் ஜோசப் லிஸ்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவர், கிருமிகளைக் கொல்லும் மருந்துகளைக் கையாண்டு அறுவைப் புண்கள் சீழ்ப்பிடிக்காமல் காக்கலாம் என்று எடுத்துரைத்தார். நாளடைவில் அறுவைக் கூடங்களில் கடுமையான மருந்து நீரில் கைகளைத் தோய்த்தெடுப்பது வழக்கமாயிற்று. அது நோயாளிக்குக் காவலாக அமைந்தது. ஆனால், நாள்தோறும் அந்நீரில் தோய்ந்த கைகளின் கதி என்ன?

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறக்கப்பெற்றது. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்பாரின் அறுவைக் கூடத்தில் தலைமைத் தாதியாக விளங்கியவர் காரொலைன் ஹாம்ப்டன். மெர்க்குரிக் குளோரைடு என்னும் பாதரச உப்புக் கரைந்த நீரால் அவருடைய கைகளிலும் முன்கைகளிலும் தோல் அழன்று புண்ணாயிற்று. 1889-90 குளிர்காலத்தில் அவர் இதனை முறையிட்டார். வேறொரு தாதியை அமர்த்திக்கொள்வது எளிது. ஹால்ஸ்டெட் அவ்வாறு செய்தாரில்லை. நியூயார்க் நகரில் குட்இயர் ரப்பர் கம்பெனியாரிடம், மெல்லிய ரப்பரில் இரண்டு ஜோடிக் கையுறைகள் செய்து தருமாறு கேட்டார். 1890-இல் அவ்விருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

இக்கையுறை நோயாளிக்கென்று பிறந்ததன்று. உழைப்பவரின் தோலைக் காக்கவே பிறந்தது. பிறகு உதவியாளரும் அதனை அணியலாயினர். ஹால்ஸ்டெட்டின் மாணாக்கராகிய ஜோசப் பிளட்குட் சிகிச்சைதோறும் கையுறை அணிந்தார். 450-க்கு மேற்பட்ட குடலிறக்கச் சிகிச்சைகளின் கணக்கை அவர் 1899-இல் வெளியிட்டார். முன்பு நூற்றுக்குப் பதினேழாக இருந்த சீழ்நோய், கையுறையால் ஏறத்தாழ இரண்டாகக் குறைந்திருந்தது. இவ்வளவு தெளிவான உண்மை நெடுநாள் தம் கண்ணுக்குப் புலப்படாமற் போனதே என்று ஹால்ஸ்டெட் பிற்காலத்தில் வியந்தார். தாதியைக் காத்த கருவியே நோயாளியையும் காத்தது.

எனினும், கையுறை ஊசிமுனையைத் தடுக்கவல்லதன்று. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறித் தாதியின் விரலில் குத்தினால், ஹெபடைட்டிஸ் பி, எய்ட்ஸ் முதலியவற்றின் கிருமிகள் அவர் குருதியில் கலந்துவிடலாம். ஆதலால் 1991-இல் அமெரிக்க அரசு ஒரு விதியை வகுத்தது. அதன்படி, கையுறைகளையும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும் ஊழியருக்கு இலவசமாக அளிப்பது நிர்வாகத்தின் கடமையாயிற்று. 2000-ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்பான ஊசிகளைத் தெரிந்தெடுக்குங்கால், அவற்றைக் கையாளும் ஊழியரின் கருத்தையும் கேட்டாக வேண்டும் என்று விதித்தது.

காரொலைன் ஹாம்ப்டனின் முறையீட்டைச் செவிமடுக்க நல்லார் ஒருவர் இருந்தார்; அஃது அவருடைய நற்பேறு. அத்தகைய நற்பேறு வாய்க்காத தாதியர் எத்தனை பேரோ! ஒருவருடைய பரிவினால் அன்று கிடைத்த பாதுகாப்பு, நூறாண்டுகளுக்குப் பின் உரிமையாக மலர்ந்தது. மருத்துவமனையில் கையுறை அணிந்த கரங்களைக் காணும்போது, மாணவ நண்பர்கள் இவ்வரலாற்றை நினைவுகூர்வார்களாக.